ஆட்டோ எய்ம்

ஆடித்தபசு என்றதும் ஒற்றைக்காலில் தவமிருக்கும் கோமதியம்மனும் நெற்றியில் பூசிய புற்றுமண்ணும் பலருக்கு நினைவுக்கு வரக்கூடும். எனக்கு நினைவுக்கு வருவது பலூன் சுடும் கடை. பலகையில் வரிசையாக ஊதிக் கட்டிய பலூன்கள், பத்தடி தள்ளி ஒரு மேசை, அதன்மேல் மடக்கித் திறந்து ஈயக்குண்டு போடும் ஏர்கன். சங்கரன்கோவில் ரதவீதியில் வருடாவருடம் நான் பார்த்த அந்தத் துப்பாக்கிகளில் ஒன்றுகூட நேராகச் சுட்டதில்லை. கடைக்காரரின் பிழைப்பே அந்தக் கோணலில்தான் இருக்கிறது என்று அண்ணன் சொல்வான். முதல் குண்டை அவன் வேண்டுமென்றே வீணாக்குவான். அது எங்கே போய்ப் படுகிறது என்று பார்த்து, துப்பாக்கி எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று கணக்குப் போட்டுக்கொள்வான். மீதி ஒன்பதும் பலூனில்தான். "தம்பி, அடுத்த கடையையும் கொஞ்சம் பாருங்க" என்று கடைக்காரர் கும்பிடாத குறையாகச் சொல்லியிருக்கிறார்.

தொண்ணூறுகளின் கோடை விடுமுறைகளில் டிவி கேம் பெட்டியை ஒருநாள் வாடகைக்கு எடுத்து வருவோம். நிண்டெண்டோவின் பெட்டியைப் பார்த்துச் செய்த சீன நகல்தான் அது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. கூடவே ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி தருவார்கள். திரையில் வாத்து பறக்கும், சுட வேண்டும். வாத்தைத் தவறவிட்டால் ஒரு நாய் எழுந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கும். டக் ஹண்ட், 1984. அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்தேன். விசையை அழுத்தியதும் திரை கணநேரம் கறுப்பாகிவிடும். வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கும் சிறு ஒளியுணரி முதலில் இருட்டையும் அடுத்து வெளிச்சத்தையும் கண்டால் வாத்து விழுந்தது என்று கணக்கு. குண்டு பல்பைக் குறிவைத்து ஏமாற்ற நான் செய்த முயற்சிகளெல்லாம் ஏன் பலிக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. அண்ணனுக்கு எந்த ஏமாற்றும் தேவைப்பட்டதில்லை. நாய் அவனைப் பார்த்துச் சிரித்ததாக எனக்கு நினைவேயில்லை.

அப்பா கூலிக்கு விசைத்தறி ஓட்டியவர். பத்தாம் வகுப்போடு அண்ணனும் தறிக்கூடத்துக்குப் போனான். நான் படித்தேன். இதில் யார் யாருக்காக விட்டுக்கொடுத்தார்கள் என்ற கேள்வியை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

நெல்லையில் கல்லூரியில் படித்த காலத்தில் எனக்குக் கணினி விளையாட்டுகள் பிடிபட்டன. நாமே துப்பாக்கியைப் பிடித்து நடப்பதுபோலத் திரையின் அடியில் நம் கையும் துப்பாக்கியும் மட்டும் தெரிகிற வகை. 1993இல் வந்த டூம் இந்த வகையை உலகறியச் செய்தது என்றாலும் எங்கள் தலைமுறைக்கு அது இரண்டே பெயர்கள்: கவுண்டர் ஸ்ட்ரைக், ஐ.ஜி.ஐ. முன்னது பிரவுசிங் சென்டர்களில் கணினிகளைக் கம்பியால் இணைத்து எட்டுப்பேர் கத்திக்கொண்டு ஆடுவது. பின்னது விடுதி அறையில் தனியாக ஆடுவது. நார்வேயின் இன்னர்லூப் நிறுவனம் உருவாக்கி 2000 டிசம்பரில் வெளிவந்த ப்ராஜெக்ட் ஐ.ஜி.ஐ.யை மேலைநாடுகளில் இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருப்பார்கள் என்று தெரியவில்லை. தமிழ்நாட்டில் அக்காலத்தில் கணினி வைத்திருந்த வீட்டில் அது இல்லாமலிருந்தால்தான் ஆச்சரியம். அதில் ஒரு கொடுமை உண்டு. ஒரு கட்டத்தின் நடுவில் எங்கே நிற்கிறோம் என்பதைச் சேமித்துவைக்க வழியே கிடையாது. முக்கால் மணி நேரம் ஊர்ந்து ஊர்ந்து போய்க் கடைசிக் கதவில் செத்தால் மறுபடி முதலிலிருந்து. மின்சாரம் போனாலும் அப்படித்தான். எங்கள் பக்கத்தில் பின்னதற்கே வாய்ப்பு அதிகம்.

விடுமுறையில் ஊருக்கு வந்தபோது அண்ணனைப் பிரவுசிங் சென்டருக்கு அழைத்துப் போனேன். அரைமணி நேரம் மௌஸை உருட்டிப் பார்த்தான். அடுத்த அரைமணியில் என்னை ஆறுமுறை கொன்றான். அது 2004. மறுவருடம் தறியின் பெல்ட்டில் சட்டைக்கை சிக்கி அவன் வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு சேர்ந்த விதம் சரியில்லை. கை மேலும் கீழும் கொஞ்சம் அசையும், பக்கவாட்டில் அசையாது. எதையாவது பிடித்தால் லேசாக நடுங்கும். இடது கையால் இழை முடியக் கற்றுக்கொண்டு, நான்கு தறி பார்த்தவன் இரண்டு தறி பார்த்தான். நாடாவில் தார் மாற்றும்போது மட்டும் அவன் முகம் கோணுவதைப் பார்த்திருக்கிறேன்.

இனி பிசி–கன்சோல் வழக்குக்கு வருகிறேன். இந்த வகை வழக்கு எங்களூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகங்கள் போட்ட சண்டையில்தான் எங்கள் தலபுராணமே தொடங்குகிறது. நான் பிசி பக்கத்து நாகம். என் வாதம் இதுதான்: மௌஸை ஓரங்குலம் நகர்த்தினால் பார்வை இத்தனை பாகை திரும்பும் என்பது நிச்சயம். விரல்நீட்டிக் காட்டுவதைப் போல, கை எங்கே போகிறதோ குறியும் அங்கே போகும். கன்சோலின் கைப்பிடியில் கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் சிறு குச்சி அப்படியல்ல. அது மாட்டின் மூக்கணாங்கயிறு. இழுத்துப் பிடித்திருக்கும்வரை மாடு திரும்பிக்கொண்டே இருக்கும். எப்போது கயிற்றை விடுவது என்பதுதான் வித்தை. சரியான இடத்தில் விடுவதற்குள் எதிரி சுட்டுவிடுவான். க்வேக் விளையாட்டில் மௌஸையும் விசைப்பலகையின் நான்கு எழுத்துக்களையும் சேர்த்துப் பயன்படுத்திப் பேரெடுத்த டென்னிஸ் ஃபாங், 1997இல் அந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மாக்கின் ஃபெராரி காரையே பரிசாக வென்றார். கைப்பிடியை வைத்துக்கொண்டு யாராவது கார் வாங்கியதுண்டா என்று கேட்பேன்.

மாட்டை வைத்துக் குறிபார்க்க முடியாது என்பது கன்சோல் விளையாட்டுகளைச் செய்தவர்களுக்கும் தெரிந்தேயிருந்தது. ஆகவே விளையாட்டின் உள்ளேயே ஓர் உதவியை எழுதிவைத்தார்கள். 1997இல் நிண்டெண்டோ 64க்கு வந்த கோல்டன் ஐயில் நம் துப்பாக்கி தானாகவே எதிரியின் பக்கம் சற்றுத் திரும்பிக்கொள்ளும். 2001இல் வந்த ஹேலோ இதை இன்னும் நுட்பமாகச் செய்தது. குறி எதிராளியின் மேல் படும்போது திரும்பும் வேகம் குறையும், சேற்றில் கால் வைத்ததுபோல. விளையாடுகிறவனுக்குத் தனக்கு உதவி கிடைப்பதே தெரியாது. தன் கை நன்றாக வேலை செய்வதாகவே நினைப்பான். அந்நாளில் எனக்கு இது சுத்தப் பித்தலாட்டமாகப் பட்டது.

2010இல் மதினியின் அண்ணன் துபாயிலிருந்து வந்தபோது ஒரு பழைய பிளேஸ்டேஷன் 2 கொண்டுவந்து எங்கள் வீட்டில் கொடுத்தார். கலைஞர் ஆட்சியில் கொடுத்த வண்ணத் தொலைக்காட்சியில் அதைப் பொருத்தினார்கள். கூடவந்த வட்டுகளில் ஒன்று டைம்ஸ்ப்ளிட்டர்ஸ் 2. கோல்டன் ஐ செய்த குழுவிலிருந்து பிரிந்து வந்தவர்கள் 2002இல் செய்தது. ஒரே திரையை இரண்டாகப் பிரித்து இரண்டுபேர் ஒருவரையொருவர் சுடலாம். பதினான்கு அங்குலப் பெட்டியில் ஆளுக்கு ஒரு பட்டை. எதிராளி எங்கே ஒளிந்திருக்கிறான் என்று அவன் பட்டையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். பார்க்காதே என்று சண்டை போடலாம். மதினி பூண்டு உரித்துக்கொண்டே யார் ஜெயிக்கிறார்கள் என்று கேட்பாள். அம்மா, "பச்சைச் சட்டைக்காரன் பாவம்டா, விட்டுருங்கடா" என்பாள். பிரவுசிங் சென்டரில் திரைக்கு முகத்தைக் கொடுத்து எல்லாருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்த எனக்கு, ஒரு துப்பாக்கி விளையாட்டைக் குடும்பமே உட்கார்ந்து பார்ப்பது விசித்திரமாக இருந்தது.

அந்த ஆடித்தபசுக்கு நான் சென்னையிலிருந்து வந்திருந்தேன். அதே ஜூலை மாதம், வூடூ பிசி நிறுவனத்தைத் தொடங்கியவரான ராகுல் சூட் ஒரு செய்தி எழுதியிருந்தார். பிசிக்காரர்களையும் கன்சோல்காரர்களையும் ஒரே களத்தில் மோதவிட மைக்ரோசாஃப்ட் முயன்றதாகவும், தேர்ந்த கன்சோல் ஆட்டக்காரர்களைச் சுமாரான பிசி ஆட்டக்காரர்களே துவைத்தெடுத்ததால் திட்டத்தைக் கைவிட்டதாகவும் அதில் இருந்தது. அதைப் படித்துவிட்டு வந்த தெம்பு எனக்கு.

அண்ணன் என்னைத் தோற்கடித்தான். ஒருமுறையல்ல, அன்று மாலை முழுக்க. கைப்பிடியை மடியில் வைத்துக்கொண்டு, அசையாத மணிக்கட்டை அசைக்கத் தேவையில்லாமல், இரண்டு கட்டைவிரல்களால் ஆடினான். கையின் நடுக்கம் திரையில் தெரியவேயில்லை. குச்சி நட்டநடுவில் சற்று அசைவதைக் கருவி கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை; மிச்சத்தை ஆட்டோ எய்ம் பார்த்துக்கொண்டது. ஐந்து வருடங்களில் அவன் அவ்வளவு உரக்கச் சிரித்து நான் பார்த்ததில்லை என்பதை இப்போது எழுதும்போது உணர்கிறேன். அப்போது எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"இது நீ சுடல அண்ணே. மெஷினு சுடுது" என்றேன்.

"எது சுட்டா என்னலே? நீ விழுந்தியா இல்லியா?"

மறுநாள் அவன் தறிக்குப் போயிருந்த நேரத்தில் பெட்டியைப் போட்டேன். அந்த விளையாட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அமைப்புகளைப் பெயரோடு சேமித்துவைக்கலாம். அண்ணன் பெயருக்குள் போய், ஆட்டோ எய்ம் என்ற வரிக்கு எதிரே இருந்த ஆனை ஆஃப் ஆக்கி மெமரி கார்டில் சேமித்தேன். என்னுடையதையும் ஆஃப் ஆக்கினேன். நியாயமாக நடந்துகொள்கிறேன் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். இரவில் ஒருமுறை ஆடிவிட்டு, விஷயத்தைச் சொல்லிச் சிரிப்பதாகத் திட்டம்.

இரவில் அவனால் ஒருமுறைகூட என்மேல் சுடமுடியவில்லை. குறி என்னைத் தாண்டிப் போகும், திரும்பி வரும், மறுபடி தாண்டிப் போகும். நான்காவது ஆட்டத்தில் கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டு மணிக்கட்டைப் பிடித்து நீவிக்கொண்டான். விளையாட்டைப் பற்றிச் சந்தேகப்பட அவனுக்குத் தோன்றவேயில்லை. "ஆடிக்காத்து கைக்கு ஆகல போல" என்றான். மதினி எண்ணெய் காய்ச்சப் போனாள். சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். அம்மா இருந்தாள், மதினி இருந்தாள், அவன் மகள் சின்னப்பிள்ளை இருந்தாள். அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன். மறுநாள் பஸ்.

ஒரு மாதம் கழித்து மதினி தொலைபேசியில் சொன்னாள்: "ஒங்கண்ணன் அந்தப் பொட்டியத் தொடவே மாட்டேங்காக தம்பி. கை முன்னமாதிரி இல்லங்காக. திருநெல்வேலிக்குப் போயி படம் புடிச்சிப் பாத்தோம். டாக்டரு புதுசா ஒண்ணுமில்லன்னுதான் சொல்லுதாரு. இவுகதான் நம்ப மாட்டேங்காக." இரண்டு நாள் கூலி போயிருக்கும், படம் பிடித்த செலவு தனி. நான் பணம் அனுப்பினேன். பணம் அனுப்புவது எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதை இங்கே எழுதிவைக்க வேண்டும்.

அதற்கப்புறம் மின்வெட்டுக் காலம். 2012இல் சென்னையில் நாளுக்கு இரண்டு மணி நேரம். எங்கள் பக்கத்தில் பத்து மணி நேரத்துக்கும் மேல். அந்த மார்ச்சில் சங்கரன்கோவிலில் இடைத்தேர்தல் நடந்தது. அமைச்சர்கள் பலர் ஊரில் முகாமிட்டிருந்தார்கள். 18ஆம் தேதி வாக்குப்பதிவு. மறுநாளே கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு மாநில அமைச்சரவை பச்சைக்கொடி காட்டியது. (அப்போது இரண்டு ஊரும் ஒரே நெல்லை மாவட்டம், தென்காசி மாவட்டம் பிரிந்தது 2019இல்.) அங்கிருந்து மின்சாரம் வரத் தொடங்க 2013 அக்டோபர் ஆயிற்று. இதற்கும் வீடியோ கேமுக்கும் என்ன தொடர்பு என்றால், தறிக்கும் டிவிக்கும் ஒரே மின்சாரம். கரண்ட் இருந்தால் அண்ணன் தறியில் நிற்க வேண்டும். நள்ளிரவு இரண்டு மணிக்கு வந்தாலும் எழுந்து ஓட வேண்டும். கரண்ட் போனால் கூலி கிடையாது. கைநிறைய நேரமுண்டு, ஆனால் பெட்டியும் ஓடாது. பிளேஸ்டேஷன் பரணுக்குப் போய்விட்டது.

அந்த வருடம் அக்கா மகனுக்குப் பள்ளியில் அரசு மடிக்கணினி கிடைத்தது. தொலைக்காட்சி தி.மு.க. கொடுத்தது, மடிக்கணினி அ.தி.மு.க. கொடுத்தது. இரண்டு திட்டங்களும் தொடங்கிய நாள் மட்டும் ஒன்று: செப்டம்பர் 15, அறிஞர் அண்ணா பிறந்த நாள், முன்னது 2006, பின்னது 2011. மடிக்கணினியில் பாட்டரி உண்டு. கரண்ட் போனாலும் ஓடும். பள்ளிப் பாடங்களைவிட ஐ.ஜி.ஐ.தான் அதில் முதலில் குடியேறியது.

சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வேறொன்றைச் செய்து ஈடுகட்டப் பார்த்தேன். ரிச்சி தெருவில் ஒரு யு.எஸ்.பி. கைப்பிடி வாங்கினேன், பிளேஸ்டேஷனில் இருந்ததைப் போலவே இரண்டு குச்சிகளோடு. ஐ.ஜி.ஐ. மௌஸுக்காகவே செய்த விளையாட்டு. கைப்பிடியின் அசைவுகளை மௌஸின் அசைவுகளாக மாற்றித் தரும் ஜாய்டுகீ என்ற சிறு மென்பொருளை நிறுவி, ஒரு முழு இரவு உட்கார்ந்து வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்து, ஊருக்குக் கொண்டுபோனேன். கூடத்தில் இருட்டு. மதினி விசிறிக்கொண்டிருந்தாள். மடிக்கணினியின் வெளிச்சத்தில் அண்ணன் முகம் மட்டும் தெரிந்தது. முதல் கட்டமான ரயில்வே யார்டில் காவல்கோபுரத்து ஆளைக் குறிபார்க்க அவன் பட்ட பாடு இருக்கிறதே, அதை என்னால் பார்க்க முடியவில்லை. குறி எண்ணெய் தடவிய தரையில் போவதுபோல் போயிற்று. எதிரியின்மேல் பட்டபோதும் அது நிற்கவில்லை. அங்கே நிற்க வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லிவைக்கவில்லை. கைப்பிடி அதேதான். கட்டைவிரல்களும் அதேதான். நான் இத்தனை வருடம் மௌஸா குச்சியா என்று வாதாடிக்கொண்டிருந்தேன். எங்கோ நாட்டிங்ஹாமில் டைம்ஸ்ப்ளிட்டர்ஸ் எழுதிய ஒருவர், விளையாடப்போகிறவனின் கை தடுமாறும் என்று எதிர்பார்த்து அதற்கும் சேர்த்துச் சில வரிகள் எழுதியிருக்கிறார். ஐ.ஜி.ஐ. எழுதியவர் எல்லாருக்கும் என் கைபோல ஒரு கை இருக்கும் என்று நினைத்துவிட்டார். அவரைக் குறைசொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அந்தச் சில வரிகளை அணைத்தவன் நான்.

ஒருமணி நேரம் போராடிவிட்டு அண்ணன் கைப்பிடியை மருமகனிடம் கொடுத்தான். "நீ ஆடுலே. மாமாவுக்குக் கை வராது இனி."

அதன்பின் உலகம் எங்கெங்கோ போய்விட்டது. பையன்கள் எல்லாரும் கைபேசிக்கு மாறினார்கள். பப்ஜியை 2020 செப்டம்பரில் அரசு தடைசெய்தபோது ஊரே துக்கம் காத்தது. கைவிடப்பட்டதாக ராகுல் சூட் சொன்னதும் நடந்தது. ஃபோர்ட்நைட்டில், கால் ஆஃப் டூட்டியில் பிசிக்காரனும் கன்சோல்காரனும் இப்போது ஒரே களத்தில் மோதுகிறார்கள். கன்சோல்காரர்கள் பாவம் என்று பரிதாபப்பட்ட பிசிக்காரர்கள், பத்தாண்டுகளுக்குள், அவர்களுக்கு மட்டும் இயந்திரம் குறிபார்த்துக் கொடுக்கிறது, இது அநியாயம் என்று புலம்ப ஆரம்பித்தார்கள். அவர்கள் வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. பரிசுப்பணம் வைத்து ஆடுகிறவர்களுக்கு அது பெரிய விஷயம்தான். நண்பர்கள் அதைப் பேசும்போது நான் வாயைத் திறப்பதில்லை.

கடந்த ஆடித்தபசுக்குப் போயிருந்தேன். தறிக்கூடத்தில் பாதி இடம் காலி. பலூன் கடை இருந்தது. அண்ணன் நின்று பார்த்தான், துப்பாக்கியை வாங்கவில்லை. வீட்டில் அவன் மகள், இப்போது கல்லூரிக்குப் போகிறாள், பரணைச் சுத்தம் செய்தபோது பிளேஸ்டேஷனை இறக்கிவைத்திருந்தாள். அரசு கொடுத்த பெட்டி எப்போதோ போய்விட்டது. சுவரிலிருக்கும் எல்.இ.டி.யில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்களைச் செருகினோம். வட்டை அது படிக்க மூன்று முறை திறந்து மூட வேண்டியிருந்தது. மெமரி கார்டில் எங்கள் பெயர்கள் அப்படியே இருந்தன. அண்ணன் சட்டை மாற்ற உள்ளே போயிருந்தான். அவன் பெயருக்குள் போய்ப் பார்த்தேன். 2010இல் நான் வைத்துவிட்டுப்போன அதே ஆஃப். யாரும் தொடவில்லை. ஆன் செய்தேன். சேமித்தேன்.

"சித்தப்பா, என்ன மாத்துறீங்க?" என்றாள் பிள்ளை.

"சவுண்டு" என்றேன்.

அண்ணன் வரமாட்டேன் என்றான். பிள்ளை வற்புறுத்திக் கைப்பிடியைக் கையில் திணித்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான். முதல் ஆட்டத்தில் எந்தப் பொத்தான் எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தான். இரண்டாவதில் என்னை நான்குமுறை வீழ்த்தினான். நான் விட்டுக்கொடுக்கவில்லை, இதையாவது நம்புங்கள். ஆட்டத்தை நிறுத்திவிட்டு, வலது கையைத் தூக்கி, மணிக்கட்டை வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் பார்த்தான்.

"இன்னைக்குக் கை தேவலலே" என்றான். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, "இங்க வந்து பாரேன்" என்று மதினியைக் கூப்பிட்டான். நான் என் பாதித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.